வாசகர் கேள்வி பதில்: ஆய்வுக்கு வருபவர்களும் ஊராரும்

கேள்வி: எங்கள் ஊர்க் கிணறுகளையும் கைப்பம்புகளையும் ஓராண்டு ஆய்வு செய்ய ஒரு பல்கலைக்கழகத் துறை கேட்கிறது. மாதிரி எடுக்கும் வேலை எங்கள் இளைஞர்களுக்கு. ஊராட்சி எதையெல்லாம் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்?

பதில்: ஆய்வு மாணவரோடு பேசி முடிக்காதீர்கள். பட்டம் வாங்கியதும் அவர் போய்விடுவார். துறைத் தலைவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் வேண்டும். முடிவுகள் கிணறு வாரியாகத் தமிழில், கட்டுரை அச்சேறுவதற்கு முன்பே ஊருக்கு வர வேண்டும். மோசமான அளவு தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். இளைஞர்களுக்கு நாட்கூலியும் பெட்ரோல் காசும் எவ்வளவு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 'அனுபவம் கிடைக்குமே' என்பார்கள், விடாதீர்கள்.

எது மோசமான அளவு? இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை. நைட்ரேட் 45 மில்லிகிராம் வரை, இதற்குச் சலுகை கிடையாது.

கேள்வி: மாதிரி எடுப்பதில் என்ன தவறு நடக்கும்?

பதில்: பெரும்பாலும் பாட்டிலில்தான். கைப்பம்பைச் சில நிமிடம் அடித்து, குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் பிடிக்க வேண்டும். ஃபுளோரைடு, நைட்ரேட் போன்ற உப்புகளுக்கு ஒரு லிட்டர் பாலித்தீன் பாட்டில் போதும். அதே தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். கிருமிப் பரிசோதனைக்கு நேர்மாறு: கிருமி நீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். ஈயம், இரும்பு பார்க்கும் பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விடுவார்கள். அதிலேயே நைட்ரேட்டையும் அளந்தால் அமிலத்தின் நைட்ரேட்டும் கணக்கில் ஏறிவிடும். ஆகவே தனித்தனி பாட்டில். கிணற்றின் பெயரை மூடியில் எழுதாமல் பாட்டில் உடம்பில் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும். மழைக்கு முன்னும் பின்னும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

கேள்வி: எங்கள் மலையில் பெரியவர்களிடம் மூலிகை விவரம் கேட்டு ஆராய்ச்சியாளர்கள் வருகிறார்கள். சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், படிப்படியாக. அகத்தியர் மலையில் வாழும் காணிக்காரப் பழங்குடியினரின் அனுபவத்தைப் பாருங்கள். 1987இல் காட்டுக்குப் போன ஆய்வுக் குழுவுக்கு வழிகாட்டிய காணிகள், களைப்புத் தெரியாமல் நடக்க ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பழத்தைத் தின்றார்கள். அந்தச் செடியின் இலையைக் கொண்டு 'ஜீவனி' மருந்து உருவானது. திருவனந்தபுரம் பாலோடு தாவரவியல் பூங்கா நிறுவனம், 10 லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 விழுக்காடு உரிமைத்தொகைக்கும் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் தந்தது; அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. ஆனால் பணத்தை வாங்க காணிகளின் அறக்கட்டளை பதிவானது 1997இல்தான். தகவல் சொன்னவர்கள் சில குடியிருப்பினர், காணிகளோ பல இடங்களில் பரவியிருப்பவர்கள். யாரிடம் சம்மதம் வாங்கினீர்கள் என்ற கேள்வி எழுந்தது. இலை பறிப்பதற்கு வனத்துறையின் தடையும் வந்தது.

ஆகவே முதலில் எல்லாக் குடியிருப்பையும் கூட்டி, பேசுபவர் யார் என்று தீர்மானியுங்கள். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஊராட்சியில் இருக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழு வழியாகப் பேசுங்கள். செடியின் பெயர், வளரும் இடம், தயாரிக்கும் பக்குவம் மூன்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டாம். பங்கு எழுதப்பட்டு, வங்கிக் கணக்கு தொடங்கிய பிறகே பக்குவத்துக்கு வாருங்கள். வனத்துறை அனுமதி யார் பொறுப்பு என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.