சைனா கிளேக்குப் பதில் நம்ம ஊர் மண்: கேள்வி பதில்

அக்கா, கிளேஸ் (பானைமேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) ரெசிபியில் பெல்ட்ஸ்பார் (உருக்கும் கல்தூள்) 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் தூள் 20, சைனா கிளே (வெள்ளைக் களிமண்) 10 என்று இருக்கிறது. அந்த 10-க்கு எங்கள் வயல் செங்களியைப் போடலாமா? (கொழிஞ்சாம்பாறை)

போடலாம். ஆனால் எடைக்கு எடை போடாதீங்க. 1280 டிகிரிக்குப் போகும் இந்த கிளேஸில் சைனா கிளேயைச் சேர்ப்பதே முக்கியமாக அலுமினாவுக்குத்தான். அது குறைந்தால் கிளேஸ் வழிந்து, பானை சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சைனா கிளேயில் அலுமினா 40 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. செங்களியில் 15 என்று வைத்துக்கொண்டால், 10 பங்கு செய்த வேலைக்கு 25 பங்கு வேண்டும். அதோடு சிலிக்காவும் 10 பங்கு போல அதிகமாக வந்துவிடும். குவார்ட்ஸும் சிலிக்காதான், அதனால் அதை 20 ஆக்குங்க. புது ரெசிபி: பெல்ட்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 20, சுண்ணாம்புக்கல் தூள் 20, செங்களி 25. உங்கள் மண் வேறு மாதிரி இருக்கும், அதனால் இதை முதல் சோதனை வில்லைக்கான கணக்காக மட்டும் எடுத்துக்கோங்க.

வெள்ளை நிறத்தை மறந்துடுங்க. மண்ணில் இரும்பு 6 சதவீதம் என்றால், 25 பங்கில் ஒன்றரைப் பங்கு இரும்பு. கரண்ட் சூளையில் இளந்தேன் நிறம் வரும், காஸ் சூளையில் காற்றைக் குறைத்துச் சுட்டால் பச்சை ஓடும். எனக்கு அந்தப் பச்சைதான் பிடிக்கும். வெள்ளையே வேண்டுமென்றால் கொல்லம் குண்டறைப் பக்கத்து சைனா கிளேயைத் தேடுங்க.

பூசிக் காய்வதற்குள்ளேயே வெடித்து, சுட்டதும் அங்கங்கே சொட்டையாகிவிட்டது. (வேலந்தாவளம்)

சுடாத பச்சைக் களி அதிகம். காயும்போது அது சுருங்குகிறது, கிளேஸும் கூடவே பிளக்கிறது. பாதிக் களியை ஒரு மண் கிண்ணத்தில் போட்டு, பிஸ்க் (கிளேஸ் பூசும் முன் பானையைச் சுடும் முதல் சூடு) ஏறும்போது கூடவே 700 டிகிரிக்கு மேல் சுட்டு, பொடித்து, சலித்துச் சேருங்க. சுட்டால் எடை குறையும். சைனா கிளே என்றால் சுமார் 14 சதவீதம் போய்விடும், உங்கள் களியைச் சுடும் முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்க. குறைந்த அளவுக்கு ஏற்பக் குறைத்துத்தான் போடணும்.

எங்களுக்குக் கரிசல்தான் கிடைக்கும். (சித்தூர்)

கேரளத்தில் கரிசல் என்றாலே உங்கள் சித்தூர் தாலுகாதான்! ஆனால் 25 பங்கு போட்டால் பூசிய கிளேஸ் கோடைக்குளம் மாதிரி பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீர் குடித்து உப்புகிற மண் அது. 2, 3 பங்கு போட்டுப் பாருங்க, வாளியின் அடியில் கிளேஸ் கல்லாகப் படியாமல் மிதக்கும். கடையில் பென்டோனைட் (இதே மாதிரி உப்புகிற களிமண்) வாங்குவதும் இதற்குத்தான். கரைத்து 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் சலித்து சுக்கான்கல்லை எடுத்துவிடணும்.

மண் நல்லதா என்று எப்படிப் பார்ப்பது? (மீனாட்சிபுரம்)

சலித்த மண்ணை மட்டும் எலுமிச்சை அளவு உருட்டி, பழைய ஓட்டுத்துண்டில் வைத்து உங்கள் கிளேஸ் சூட்டுக்கே சுடுங்க. உருண்டையாகவே நின்றால் சூடு தாங்கும் மண், அலுமினா தாராளமாக இருக்கலாம். பளபளவென்று உருகி வழிந்தால் உருக்கும் சரக்கு மண்ணிலேயே இருக்கிறது, சுண்ணாம்புத் தூளைக் குறைத்துக்கோங்க. கேரளத்தின் 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வயலில் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது, கிணறு வெட்டுகிற இடத்தில் கேட்டு ஒரு சாக்கு வாங்கினாலே வருஷத்துக்குப் போதும்.

இதில் ஊறுகாய் வைக்கலாமா? (பாறசாலை)

எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்க மேலே வைங்க. காலையில் நிறம் மாறி, பளபளப்பு போயிருந்தால் வேண்டவே வேண்டாம். மாறாவிட்டாலும் லேப் சோதனை இல்லாமல் ஊறுகாய்க்கு நான் தரமாட்டேன். பூந்தொட்டிக்கு, பேனா வைக்கிற ஜாடிக்கு என்றால் தாராளமாக.