ஆறு பெட்டியா, இரண்டு பெட்டியா?

கேள்வி: எங்கள் கூடம் சிறியது, ஒதுக்கியுள்ள தொகையும் குறைவுதான். வீட்டில் படம் பார்க்க, ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் (அடி ஒலிக்கான தனிப் பெட்டி) அடங்கிய மலிவான தொகுப்பை வாங்கலாமா, அல்லது தரமான இரண்டு ஸ்பீக்கர்கள் போதுமா?

பதில்: இரண்டே போதும். ஒரே தொகையை ஆறு பெட்டிகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் தரத்தில் இளைத்துத்தான் வரும். நல்ல இரண்டு ஸ்பீக்கர்களைத் திரையின் இருபுறமும் வைத்து, அவற்றுக்கு நடுவே சம தூரத்தில் அமர்ந்து கேட்டால், வசனம் திரையின் நடுவிலிருந்தே வருவதுபோல் தோன்றும். ஓரத்தில் அமர்பவருக்கு அந்த மயக்கம் கலைந்துவிடும் என்பதால், பலர் சேர்ந்து பார்க்கும் வீடாயின் அடுத்து வாங்க வேண்டியது வசனத்துக்காகத் திரையின் நடுவில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கரே. அதையும் முன்னிரண்டின் வரிசையிலேயே தேர்ந்தெடுத்தால் குரலின் நிறம் மாறாது. இவ்வாறு படிப்படியாகச் சேர்ப்பதற்கு, 5.1 வசதியுள்ள (ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சப்வூஃபரையும் இணைக்கத்தக்க) ரிசீவரை, அதாவது ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் கருவியை, முதலிலேயே வாங்குவது சிக்கனம். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் பிஎம்பிஓ எண்ணை, அதாவது கண நேர உச்சத் திறனைப் பொருட்படுத்த வேண்டாம் (அது விளம்பரக் கணக்கு); தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டும் ஆர்எம்எஸ் வாட் அளவைப் பாருங்கள்.

சப்வூஃபரை இறுதியில் வாங்கலாம். வாங்கியதும் அதை நீங்கள் அமரும் இடத்தில் வைத்து இசையை ஒலிக்கவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து செல்லுங்கள். பார்ப்பவர் சிரித்தாலும் பரவாயில்லை. அடி ஒலி குமுறாமல் தெளிவாகக் கேட்கும் புள்ளியே சப்வூஃபருக்குரிய இடம். ரிசீவரில் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழான அடி ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கலாம்.