கடைப் பலகையில் எடுப்பாக இருக்கும் தடித்த செரிஃப் எழுத்துரு, அழைப்பிதழின் உள்பக்கத்தில் படிக்கச் சிரமமாக இருப்பது ஏன்?

செரிஃப் என்பது ஆங்கில எழுத்தின் கோடு முடியும் இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பாதம். பாதத்தையும் கோட்டையும் பருமனாக்கி, பழைய விளம்பர அச்சை நினைவூட்டும்படி வரையப்படுபவை இவ்வகைத் தலைப்பு எழுத்துருக்கள்; ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து 1922-இல் சிகாகோவில் வெளிவந்த கூப்பர் பிளாக் இவற்றுள் பெயர்பெற்றது.

நாகர்கோவில் வடசேரியில் ஓடும் பேருந்திலிருந்தே கடைப்பெயரைப் படித்துவிட வேண்டும் என்பதால், பலகையில் இந்தக் கனம் உதவுகிறது. ஆனால் அதையே பத்துப் புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் ‘பாயிண்ட்’ அலகு) அளவுக்குச் சுருக்கும்போது எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடங்கள் ஏறக்குறைய அடைபடுகின்றன. தாளில் மையும் சற்றுப் பரவுவதால், ஒவ்வோர் எழுத்தும் கறுப்புத் திட்டாகிவிடுகிறது. குமரிமுனையின் 133 அடி திருவள்ளுவர் சிலையைக் கையளவு பொம்மையாக வார்த்தால் விரலிடுக்குகள் மூடிக்கொள்வதைப் போன்றதுதான் இது. மணமக்கள் பெயருக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டு, முகவரியைச் சாதாரணக் கனமுள்ள எழுத்துருவில் அச்சிடுவதே நல்லது (அச்சகத்தார் பலரும் இதைத்தான் சொல்வார்கள்).

எந்த எழுத்துருவையும் கணினியின் தடிப்பு (‘போல்ட்’) பொத்தானால் இப்படி மாற்றிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தனித் தடித்த வடிவம் இல்லாத எழுத்துருவில் மென்பொருள் கோட்டின் ஓரத்தை வீங்கச் செய்கிறதே தவிர, பாதத்தையும் வளைவையும் புதிதாக வரைவதில்லை.