திருப்பு விசைக்கு ஏன் ஜூல் இல்லை?

கேள்வி: ஒரு பொருளை அச்சைச் சுற்றித் திருப்பும் விளைவான திருப்பு விசையின் (torque) அலகு நியூட்டன் மீட்டர் என்றும், ஒரு நியூட்டன் மீட்டர்தான் வேலையின் அலகான ஒரு ஜூல் என்றும் படிக்கிறோம். அப்படியானால் திருப்பு விசையை ஜூலில் சொன்னால் என்ன தவறு?

பதில்: பரிமாணத்தை மட்டும் பார்த்தால் உங்கள் ஐயம் நியாயமானதே. வேலைக்கும் திருப்பு விசைக்கும் ஒரே பரிமாண வாய்ப்பாடுதான்: நிறையின் படி 1, நீளத்தின் படி 2, காலத்தின் படி கழித்தல் 2. இரண்டுமே விசையை நீளத்தால் பெருக்கிக் கிடைப்பவை. ஆனால் அந்த நீளம் எது என்பதில்தான் வேறுபாடு. வேலையில் வருவது விசையின் திசையில் பொருள் நகர்ந்த தொலைவு. திருப்பு விசையில் வருவது சுழல் அச்சிலிருந்து விசையின் செயற்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவு.

இறுகிப்போன ஒரு நட்டில் ஸ்பேனரை மாட்டி, நட்டின் மையத்திலிருந்து 0.3 மீட்டர் தள்ளி, 100 நியூட்டன் விசையைச் செங்குத்தாகக் கொடுத்தால் 30 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை செயல்படுகிறது. நட்டு அசையாதவரை நீங்கள் செய்த வேலை சுழியே. கை வலிப்பது வேறு கணக்கு. அதே திருப்பு விசையில் நட்டு ஒரு முழுச் சுற்று சுற்றினால், 30ஐ 2 பை ரேடியனால் பெருக்க, ஏறத்தாழ 188 ஜூல் வேலை நடந்திருக்கும். ஆகவே திருப்பு விசையை ‘ஒரு ரேடியனுக்கு இத்தனை ஜூல்’ என்று சொன்னால் தவறில்லை. ரேடியன் என்பது வில்லின் நீளத்துக்கும் ஆரத்துக்கும் உள்ள விகிதம் என்பதால் அதற்குப் பரிமாணம் இல்லாமல் போய், வாய்ப்பாட்டில் அது தடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது.

மேலும், வேலை திசையில்லாத ஒரு ஸ்கேலர். திருப்பு விசையோ சுழல் அச்சின் வழியே திசை கொண்ட வெக்டர். இந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் பன்னாட்டு அலகு முறையில் ஜூலை ஆற்றலுக்கு விட்டுவிட்டு, திருப்பு விசைக்கு நியூட்டன் மீட்டரையே வைத்திருக்கிறார்கள். நமது கலைச்சொற்களும் இதில் உதவுவதில்லை: ‘திருப்பு விசை’ என்றால் சிலர் நியூட்டனில் எழுதிவிடுகிறார்கள், ‘திருப்புத்திறன்’ என்றால் திறனின் அலகான வாட் நினைவுக்கு வருகிறது.

கேள்வி: ‘மீட்டர் நியூட்டன்’ என்று மாற்றி எழுதலாமா?

பதில்: பெருக்கலில் வரிசை மாறினால் மதிப்பு மாறாது, ஆனால் குறியீட்டில் மீட்டரை முன்னால் வைத்தால் (mN) அது மில்லிநியூட்டனாகப் படிக்கப்பட்டுவிடும்.