மூன்று மணிக்கு முன்னால்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

புளியரையில் டூவீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். வயது 41. குடி, பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. லாட்டரிதான். கேரள அரசு லாட்டரியின் 2023 ஓணம் பம்பர் குலுக்கலில், எல்லையோர வாளையாறில் வாங்கிய டிக்கெட்டுக்கு 25 கோடி விழுந்தது, எடுத்தவர்கள் நாலு பேரும் நம் தமிழ்நாட்டு ஆட்கள் என்று கேள்விப்பட்ட அன்று பிடித்தது. முதலில் மாதத்துக்கு ஒன்று, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. இப்போது தினமும் கடை திறக்கும் முன் மலைமேல் கேரள எல்லையில் இருக்கிற கோட்டைவாசல் ஏறி ஆறு டிக்கெட். ஒன்று 50 ரூபாய். மூன்று தடவை சத்தியம் பண்ணி விட்டேன், அதில் ஒன்று ஆரியங்காவு ஐயன் சன்னதியில். கடைசித் தடவை 19 நாள் தாங்கினேன். இருபதாம் நாள் பன்னிரண்டு டிக்கெட் கொண்ட ஒரு செட்டே வாங்கிவிட்டேன். போன மாதம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குக் கொடுக்க வேண்டிய 3,000 ரூபாயும் இதில் போனது. வீட்டில் தெரியாது. மொத்தமாக விட என்னால் முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது நடக்கிற காரியமா? இல்லை, அதுவும் என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா?

எம்.

அன்புள்ள தம்பி எம்,

நடக்கிற காரியம்தான். நான் பொயிலையை அப்படித்தான் விட்டேன்.

ஒரு நாளைக்கு ஒன்பது தரம் வெற்றிலை போடுவேன், ஒன்பதிலும் பொயிலை உண்டு. காலைக் காப்பிக்குப் பின் போடுகிற முதல் தரத்தை விட என்னால் ஆகாது என்று தெரியும். அதனால் அதைத் தொடவே இல்லை. நடுப்பகலில் கை தானாகப் போய் எடுக்கிற தரம் இரண்டு இருந்தது, ஏன் போடுகிறோம் என்று நமக்கே தெரியாது. அதில் தொடங்கினேன். சட்டைப் பையில் இருந்த பொட்டலத்தைக் கொண்டுபோய் அடுக்களை உத்தரத்தில் செருகினேன். எடுக்க வேண்டுமென்றால் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். பாதி நாள் ஸ்டூல் வேறு எங்காவது கிடக்கும், அதைத் தேடப் போன இடத்தில் ஒரு வேலை வந்துவிடும். ஒன்பது ஏழானது, ஏழு நாலானது. நடுவில் ஒரு கல்யாண வீட்டில் மறுபடி எட்டுக்குப் போனேன். மறுநாள் நாலுக்கே திரும்பினேன். காலைத் தரமும் போய் முழுதாக விட 14 மாதம் ஆனது.

பொயிலை உடம்பைப் பிடிக்கும். லாட்டரி அப்படி இல்லை, அது எங்கே பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். கணக்கைச் சொல்லி உங்களைத் திருத்தலாம் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தினசரி டிக்கெட்டில் 12 சீரிஸ், ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கத்தில் 9 லட்சம் நம்பர். ஆக 1 கோடியே 8 லட்சம். தினமும் ஆறு எடுத்தால் முதல் பரிசு சராசரியாக 18 லட்சம் நாளுக்கு ஒருமுறை வரும், அதாவது 4,900 வருஷத்துக்குப் பக்கம். இது உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் மலை ஏறுகிறீர்கள்.

நீங்கள் 300 ரூபாய் கொடுத்து வாங்குவது காலை எட்டு மணியிலிருந்து திருவனந்தபுரத்தில் குலுக்கல் நடக்கிற மூன்று மணி வரைக்குமான அந்த நேரத்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கார்புரேட்டர் கழுவிக்கொண்டிருக்கும்போதும் பையில் ஆறு தாள் இருக்கிறது என்ற நினைப்பு. பரிசு விழும் என்று நம்பாதவனுக்குக்கூட அந்த நினைப்பு ருசிக்கும். போதாததற்கு, சின்னப் பரிசெல்லாம் கடைசி நாலு நம்பரை வைத்து. மூன்று நம்பர் ஒத்து ஒன்று தவறினால் தோற்ற மாதிரியே இருக்காது, பக்கத்தில் வந்துவிட்ட மாதிரி இருக்கும். எப்போதாவது 100 ரூபாய், 500 ரூபாய் கையில் விழும். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதித்துக் காட்டியது இதைத்தான். எத்தனை கொத்துக்கு ஒரு தானியம் என்று கணக்கு வைத்துக் கொடுத்தால், தின்றதும் புறா கொஞ்சம் ஓயும். எந்தக் கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி கொடுத்தால் ஓயாமல் கொத்தும், தானியத்தை நிறுத்தின பிறகும் வெகுநேரம் கொத்தும்.

ஆகவே முதல் வாரம் டிக்கெட்டைக் குறைக்க வேண்டாம். ஒர்க்ஷாப் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுங்கள்: தேதி, எத்தனை டிக்கெட், எவ்வளவு போனது, எவ்வளவு வந்தது. வந்த 100 ரூபாயையும் விடாமல் எழுதுங்கள். விழுந்த நாள் மட்டும்தான் மனசில் நிற்கும். மற்ற நாளையெல்லாம் தாள்தான் வைத்திருக்கும்.

இரண்டாவது வாரத்திலிருந்து மூன்று மணிக்கு ரிசல்ட் பார்க்காதீர்கள். டிக்கெட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் மொத்தமாகப் பாருங்கள். விழுந்த பரிசு ஒரு வாரத்தில் எங்கும் ஓடிவிடாது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான படி, சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்காமல் இருப்பதைவிட வாங்கியதைப் பார்க்காமல் இருப்பது கடினம். மூன்று மணி சும்மா கடந்து போகப் பழகிவிட்டால் காலையில் மலை ஏறுகிற அவசரம் தானே தளரும். என் ஸ்டூல் செய்த வேலையை உங்களுக்கு அந்த டப்பா செய்யும்.

அதன்பிறகு எண்ணிக்கை. ஆறு நாலாகட்டும், இரண்டு வாரம் கழித்து இரண்டு. அடுத்து சனிக்கிழமை மட்டும். செட்டு இன்றோடு கிடையாது. முதலில் கடையைத் திறங்கள், ஒரு வண்டியாவது முடித்துக் கொடுத்துவிட்டு மலை ஏறுங்கள். போகும்போது போனைக் கடையில் வைத்துவிட்டு, அன்றைய டிக்கெட்டுக்கான நோட்டை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு போங்கள். 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தியபோது உள்நாட்டு ஊர்களில் எத்தனையோ பேர் அதோடு மறந்தார்கள், எட்டுகிற தூரத்தில் கடை இல்லை. நமக்குக் கடை ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. தூரத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த இருபதாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள். அன்றைக்கு நீங்கள் வழக்கமான ஆறு வாங்கவில்லை, பன்னிரண்டு வாங்கினீர்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்கிற நினைப்பு அது. சாமி பேரில் சத்தியம் பண்ணிவிட்டால் ஒரு டிக்கெட் வாங்கினாலும் சத்தியம் போச்சு, பன்னிரண்டு வாங்கினாலும் போச்சு. நாலு என்று வைத்துக்கொண்டு ஐந்து வாங்கினால் தவறியது ஒன்றுதான். அதை நோட்டில் எழுதிவிட்டு மறுநாள் நாலுக்குத் திரும்பலாம். இனி சத்தியம் பண்ணாதீர்கள் தம்பி, ஐயனையும் இதில் இழுக்க வேண்டாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கொஞ்சம் என்ற பேச்சே இல்லை. அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டிய பணத்திலும் கடன் வாங்கிய பணத்திலும் இன்றிலிருந்து ஒரு டிக்கெட்கூடக் கூடாது. அந்த 3,000 ரூபாயை இந்த மாதமே கொடுத்துவிடுங்கள். மறுபடி அப்படி ஒரு பணத்தில் கை வைத்தாலோ, போட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மேலும் மேலும் போடத் தோன்றினாலோ, குறைக்கிற வழி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அர்த்தம். அப்போது முழுக்க நிறுத்த வேண்டும், அதுவும் ஒருவர் துணையோடு. 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவை இருக்கிறது. காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

மனைவியிடம் சொல்லுங்கள். மாதம் 26 நாள் என்றாலே 7,800 ரூபாய். இது என்றைக்காவது தெரிந்துதான் தீரும். வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிட, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே சொல்வது மேல். திட்டுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவை அவரையே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஓணம் வரும். 500 ரூபாய் பம்பர் டிக்கெட் எல்லைக் கடை முழுக்கத் தொங்கும். எடுக்காதே என்று சொல்ல மாட்டேன். வாளையாறில் ஜெயித்தவர்களும் நாலு பேர் சேர்ந்து எடுத்தவர்கள்தான். நீங்களும் நாலு பேர் சேர்ந்து ஒன்று எடுங்கள், அந்த மாதத்துக்கு அது மட்டும்.

அடுத்த மாதம் நோட்டோடு செங்கோட்டைக்கு வாங்க. மூன்று மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், காப்பி போட்டு வைக்கிறேன். நாலு மணி வரை பேசிக்கொண்டிருக்கலாம்.

அன்புடன்,
அண்ணாச்சி