பழைய எம்.ஜி.பி.யில் கிளட்ச் வழுக்கல்: எஞ்சினை இறக்குமுன் பார்க்க வேண்டியவை

ஆம்பூர் வாசகர் ஒருவரிடம் ஓவர்டிரைவ் (எஞ்சின் சுழற்சியைக் குறைத்து ஓட்ட உதவும் கூடுதல் கியர் அமைப்பு) பொருத்திய 1970ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. காலையில் ஒழுங்காக ஓடும் வண்டி, ஏலகிரி மலைச்சாலையில் பாதி ஏறியதும் எஞ்சின் மட்டும் இரைந்து வேகம் கூடாமல் திணறுகிறதாம். கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்கியாக வேண்டும் என்று மெக்கானிக் சொல்வது சரிதானா என்று கேட்கிறார்.

சரியாக இருக்கலாம். ஆனால், எஞ்சினை வெளியே எடுக்காமல் கிளட்சைத் தொட முடியாத கார் இது என்பதால், வெளியிலிருந்தே பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்த்துவிடுவதுதான் முறை.

முதலில் ஓவர்டிரைவ் சுவிட்சை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓவர்டிரைவுக்குள் தனியாக இருக்கும் கூம்பு வடிவ கோன் கிளட்ச் வழுக்கினாலும் இதே அறிகுறிதான் தோன்றும். அந்தக் கோளாறுக்குக் கிளட்ச் பிளேட்டை மாற்றிப் பயனில்லை. பிறகு, நெடுஞ்சாலையில் போக்குவரத்து குறைவான, சற்றே மேடான பகுதியில், நான்காம் கியரில் 2,500 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எஞ்சின் சுழற்சி) அளவில் சென்றுகொண்டே ஆக்ஸிலரேட்டரை முழுவதுமாக மிதியுங்கள். ஓவர்டிரைவ் இல்லாத நான்காம் கியரில் இந்தக் கார் ஒவ்வோர் ஆயிரம் ஆர்.பி.எம்.முக்கும் மணிக்குச் சுமார் 18 மைல் ஓட வேண்டும்; ஆர்.பி.எம். முள் எகிறி, வேக முள் நின்ற இடத்திலேயே நின்றால் வழுக்கல் உறுதி. கைபிரேக்கை இழுத்துவிட்டு கிளட்சை விட்டுப் பார்க்கும் பட்டறைச் சோதனையை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் தப்பிப் பிழைத்திருக்கும் பிளேட்டையும் அது கருக்கிவிடும்.

சூடேறிய பின்பே வழுக்குகிறது என்ற உங்கள் குறிப்புதான் இங்கே முக்கியம். இந்தக் காரின் கிளட்ச் ஹைட்ராலிக் முறையில், அதாவது பிரேக் ஆயிலின் அழுத்தத்தால், இயங்குவது. பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பும் சிறு துளை அடைபட்டிருந்தாலோ, பெடலில் துளியும் லூஸ் இல்லாமல் பிஸ்டன் அத்துளையை மூடியே நின்றாலோ, ரப்பர் ஹோஸ் உட்புறம் ஊதிப்போயிருந்தாலோ, சூட்டில் விரியும் திரவம் வெளியேற வழியின்றி, பெடலைத் தொடாமலே கிளட்சை இலேசாக அமுக்கிக்கொண்டிருக்கும். வழுக்கத் தொடங்கியதும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கிளட்ச் பக்கமுள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளை (திரவத்தை வெளியேற்றும் சிறு திருகு) சற்றே திறந்து மூடுங்கள். திரவம் பீறிட்டு வந்து, அதன்பின் வழுக்கலும் நின்றுவிட்டால், குற்றம் ஹோஸ் அல்லது மாஸ்டர் சிலிண்டருடையது. எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. (பிரேக் ஆயில் பெயின்ட்டை அரிக்கும், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள்.)

மாற்றம் ஏதும் இல்லையென்றால் கிளட்சை மூடியிருக்கும் உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். எம்.ஜி.பி.யின் கியர்பாக்ஸிலும் எஞ்சின் ஆயிலே ஊற்றப்படுவதால் வாசனையை வைத்து வேறுபடுத்த முடியாது, நிறத்தைத்தான் பார்க்க வேண்டும்: கறுத்திருந்தால் பெரும்பாலும் எஞ்சினின் பின்பக்க சீல், தெளிவாக இருந்தால் கியர்பாக்ஸின் முன்பக்கம். எண்ணெய் குடித்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டச் சொல்பவர்கள் உண்டு, அது நிலைக்காது.

எண்ணெயும் இல்லையென்றால் மெக்கானிக் சொன்னதே சரி. எஞ்சினை இறக்கும்போது பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பிளேட் உரசும் ஃப்ளைவீல் முகத்தில் நீலம் பாய்ந்த திட்டுகளோ மயிரிழை வெடிப்போ இருக்கிறதா என்பதை அதைத் திரும்ப மாட்டுவதற்கு முன் நீங்களே நேரில் பார்த்துவிடுங்கள்.