மாணவியின் துணியில் உங்கள் ஊசி

அன்புள்ள அக்கா,

ஈரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறுதோறும் ஒரு துணிக்கலை வகுப்பு நடத்துகிறேன். நாற்பதிலிருந்து அறுபத்தைந்து வயதுக்குள் ஒன்பது பெண்கள் வருகிறார்கள். பிளவுஸ் எம்பிராய்டரி இல்லை. சாக்கு, கொசுவலை, கிழிந்த சேலை என்று எதையும் வைத்துத் தைத்துப் பார்க்கும் வகுப்பு என்று சொல்லித்தான் சேர்த்தேன். ஆனால் வந்து உட்கார்ந்ததும் "டிசைன் வரைஞ்சு குடுங்க மேடம்" என்கிறார்கள். யாராவது திணறினால் நான் வாங்கி நாலு தையல் போட்டுச் சரிசெய்து கொடுப்பேன், அப்போதுதான் அவர்கள் முகம் மலர்கிறது. டிசைன் கொடுக்கலாமா, கூடாதா? சான்றிதழ் தர வேண்டுமா? கட்டணம் எவ்வளவு வைப்பது?

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

கட்டணத்தை உங்கள் ஊரில் விசாரித்து வையுங்கள். சான்றிதழ் வேண்டாம். தையலில் லோயர், ஹையர் என்று அரசுத் தேர்வு எழுதி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது தேவை. ஐம்பத்தெட்டு வயதில் சாக்கில் தைத்துப் பார்க்க வருகிற அம்மாவுக்கு அதை வைத்து என்ன ஆகப்போகிறது?

டிசைனும் வேண்டாம். நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, இழைகளை எண்ணி எண்ணியே வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக ஏற்றிவிடுகிறார்கள். படத்துக்குப் பதிலாக ஒரு கட்டுப்பாட்டைக் கொடுங்கள்: ஒரு சாண் துணி, ஒரே நிற நூல், ஓட்டுத்தையல் மட்டும், அரை மணி நேரம். ஆனி ஆல்பர்ஸ் என்ற நெசவுக் கலைஞர் 1933இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போய் பிளாக் மவுண்டன் கல்லூரியில் நெசவு கற்றுக்கொடுத்தார். அவருடைய மாணவர்கள் சோள மணிகளை அடுக்கிப் பார்த்தார்கள், டைப்ரைட்டரில் எழுத்துகளை அடித்து அடித்தே துணி மாதிரி ஒரு பரப்பை உண்டாக்கிப் பார்த்தார்கள். சோள மணியை யாரும் தப்பாக வைத்துவிட முடியாது இல்லையா, அதனால் கை பயப்படாது. உங்கள் ஒன்பது பேருக்கும் முதலில் வேண்டியது அதுதான்.

சரி, இதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறதே, "நான் வாங்கி நாலு தையல் போட்டு" என்று, அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா போன மறுவருஷம், அம்மாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று, பக்கத்துத் தெருவில் ஒரு தையல் வகுப்பில் சேர்ந்தாள். அப்பாவின் வேட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துக்கொண்டு போய், தான் பிறந்த வீட்டுக் கிணற்றை அதில் தைக்க ஆரம்பித்தாள். தினமும் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து தைப்பாள். கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் இறங்கியிருக்கும், வாளிக் கயிறு முடிச்சு முடிச்சாக இருக்கும். அந்த டீச்சர் நல்ல மனுஷி. அம்மா திணறுவதைப் பார்த்து, ஒருநாள் துணியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போய், ராத்திரி உட்கார்ந்து கோணல் கிணற்றைப் பிரித்துவிட்டு, இடைவெளியில்லாமல் நெருக்கி நிரப்பும் சாட்டின் ஸ்டிச்சில் வட்டமான ஒரு கிணறு போட்டுக் கொடுத்துவிட்டார். வகுப்பில் எல்லாரும் பாராட்டினார்கள். அம்மாவும் சிரித்தாளாம், முகம் மலர்ந்துதான் இருந்திருக்கும். வீட்டுக்கு வந்து துணியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு "இது யாரு வீட்டுக் கிணறோ" என்றாள். அதற்கப்புறம் வகுப்புக்குப் போகவே இல்லை.

இந்த வயதுப் பெண்கள் யார் என்று யோசியுங்கள். வருஷக்கணக்காகப் பள்ளிச் சட்டைக்குப் பட்டன், சேலைக்கு ஃபால்ஸ், தலையணை உறை என்று அடுத்தவர் உபயோகத்துக்கே தைத்தவர்கள். போட்ட கோலத்துக்கும் சுட்ட தோசைக்கும் வீட்டில் மார்க் வாங்கியே பழகியவர்கள். யாருக்கும் உபயோகப்படாத ஒரு துணியை வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் எடுக்கிறார்கள், அதையும் நீங்கள் பிடுங்கித் திருத்திக் கொடுக்கிறீர்கள். அவர்கள் முகம் மலர்வதை நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள், ர. பரீட்சை பேப்பரை வேறு யாரோ எழுதிக் கொடுத்தால் வருமே, அந்த நிம்மதி அது.

சிலியில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, கணவனும் பிள்ளையும் காணாமல் போன பெண்கள் சாக்குத்துணி மேல் கந்தல் துணுக்குகளை ஒட்டுப்போட்டு, மலையும் வீடும் சின்னச் சின்ன மனிதர்களுமாகத் தங்களுக்கு நடந்ததைத் தைத்தார்கள். சில துணிகளுக்குப் பின்னால் குட்டிப் பை ஒன்று தைத்து, என்ன நடந்தது என்று எழுதிய காகிதத்தை அதற்குள் வைத்தார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது "அந்த மலையைக் கொடுங்க, நேராக்கித் தர்றேன்" என்றிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

கற்றுக்கொடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் மடியில் உங்களுக்கென்று தனியாக ஒரு துணி இருக்கட்டும், காட்டுவதை எல்லாம் அதில் காட்டுங்கள். எதிரே உட்காராதீர்கள், எல்லாம் இடவலம் மாறித் தெரியும், பக்கத்தில் உட்காருங்கள். கண் தெரியாதவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள், விளக்கைத் திருப்பி வையுங்கள், சிக்கு விழுந்தால் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர்கள் துணியில் உங்கள் ஊசி படவே கூடாது. ஒரு தையல்கூட.

அம்மா இறந்த பிறகு பீரோவிலிருந்து அந்த வேட்டித் துண்டை எடுத்துப் பார்த்தேன். துவைத்துத் துவைத்து நைந்த துணியில் பிரித்த தையலின் துளை மூடுவதில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், டீச்சர் போட்ட வட்டத்துக்கு வெளியே, ஒரு பக்கம் இறங்கிய கைப்பிடிச் சுவர் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது.

அந்த ஒன்பது துணிகளில் எது எதில் நீங்கள் கைவைத்தீர்கள் என்று உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஞாயிறு, உங்கள் தையலைப் பிரித்துவிடலாமா என்று அவர்களிடமே கேளுங்கள். பிரிக்க வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.